நாற்பதுக்குப் பிறகு மேடை: பிந்தித் தொடங்கும் உடற்கட்டழகரின் கணக்கு

திருகோணமலையில் மாலை ஆறு மணிக்கு எந்த ஜிம்முக்குள் நுழைந்தாலும் இரண்டு தலைமுறை ஒரே கண்ணாடிக்கு முன் நிற்பதைப் பார்க்கலாம். ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பொடியன்கள் ஒரு பக்கம். துறைமுகத்தில் வேலை செய்கிறவர், ஆசிரியர், கட்டாரில் பத்து வருடம் உழைத்துவிட்டுத் திரும்பியவர், நிலாவெளி ஹோட்டலில் வேலை முடித்து வருகிறவர் என்று நாற்பது கடந்தவர்கள் மறு பக்கம். இந்த இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் வைத்தியர் சொல்லி வந்தவர்கள். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் என்று ஏதோ ஒரு அறிக்கை அவர்களை அங்கே கொண்டுவந்திருக்கும். ஒரு வருடம் போனதும் அவர்களில் ஓரிருவருக்கு வேறோர் ஆசை முளைக்கும்: ஒரு தடவையாவது போட்டி மேடையில் நிற்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் வந்தது. 40 வயதில் பயிற்சி தொடங்கினேன். 44 வயதில் முதல் மேடை.

வழமையாக இந்த விளையாட்டுக்கு வருகிறவர்கள் பதினேழு, பதினெட்டு வயதில் இரும்பைத் தொடுகிறார்கள். எங்கள் வயதுக்காரர் ஏன் தொடவில்லை என்று கேட்டால், அதற்கு இந்த ஊரில் ஒரு காரணம் இருக்கிறது. 1990களில் இங்கே வளர்ந்த ஒருவனுக்கு மாலை என்பது வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டிய நேரம். சோதனைச்சாவடி, சுற்றிவளைப்பு, ஊரடங்கு. விளக்கு வைத்த பிறகு பிள்ளை வெளியே நின்றால் அம்மாவுக்கு நெஞ்சு பதறும். 2004 டிசம்பரில் சுனாமி. 2006இல் மூதூரிலும் சம்பூரிலும் சண்டையும் இடம்பெயர்வும். 2009 மே மாதம் போர் முடிந்தபோது எனக்கு 30 வயது. அதற்குப் பிறகுதான் வீடு, கல்யாணம், கடன், வெளிநாடு எல்லாம். உடம்பைப் பற்றி நினைக்க நேரம் கிடைத்தபோது நாற்பது வந்துவிட்டது. இதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொன்னால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

சரி, இனிமேல் முடியுமா? முடியும். ஆனால் ஒரு நிபந்தனையோடு. பிந்தித் தொடங்கியவரின் தசை வளராமல் நிற்பதில்லை. பிழை விட்டால் திருத்திக்கொள்ள இருக்கும் அவகாசம்தான் அவருக்குக் குறைவு. இருபது வயதுப் பொடியன் மூன்று வாரம் பட்டினி கிடந்து, தோளைப் பிடித்துக்கொண்டு, நாலு மணி நேரம் தூங்கி, அப்புறமும் மேடையில் நின்றுவிடுவான். நாற்பத்தைந்து வயதுக்காரர் அதையே செய்தால் ஒரு வருடத்தை இழப்பார், சில வேளை அதை விடப் பெரியதை. பயிற்சி, சாப்பாடு, போட்டிக்கு முன் கொழுப்பைக் குறைத்து உடம்பு வற்றுவது, மருந்து என்று இதில் எதை எடுத்தாலும் இந்த அவகாசக் கணக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

வயது கூடி வென்றவர்களின் கதைகள் நிறைய உண்டு. 1982இல் கிறிஸ் டிக்கர்சன், இந்த விளையாட்டின் உச்சப் பட்டமான மிஸ்டர் ஒலிம்பியாவை எடுத்தபோது அவருக்கு 43 வயது. 2018இல் ஷோன் ரோடன் அதே பட்டத்தை எடுத்தபோதும் 43. 1912இல் வங்காளத்தில் பிறந்த மனோகர் ஐச், ஐந்தடிக்கும் குறைந்த உயரத்தோடு, 1952இல் லண்டனில் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தன் பிரிவில் வென்றார். அப்போது அவருக்கு நாற்பது. அப்புறம் 104 வயது வரை வாழ்ந்தார். இந்தப் பெயர்களை ஜிம்களில் தைரியத்துக்காகச் சொல்வார்கள். நானும் பிடித்துக்கொண்டவன்தான். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: இவர்கள் பிந்தி வென்றவர்கள், தொடங்கியது பிந்தி அல்ல. வெற்றிக்குப் பின்னால் ஒரு தலைமுறைக் காலப் பயிற்சி இருந்தது. பயிற்சி வயது என்று ஒன்று தனியாக உண்டு. பிறந்த திகதியைப் போல அதையும் எண்ண வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்குப் பொருத்தமான உதாரணம் அமெரிக்கரான ஏர்னஸ்டீன் ஷெப்பர்ட். அவர் உடற்பயிற்சியையே 56 வயதில்தான் தொடங்கினார். எழுபது கடந்து மேடையேறினார். 2010இல் உலகின் மிக வயதான பெண் உடற்கட்டழகராகக் கின்னஸில் பதிவானார். தொடக்கத்துக்கும் மேடைக்கும் இடையில் அவர் விட்ட ஆண்டுகளைப் பாருங்கள்.

இதனால்தான் "மாஸ்டர்ஸ் பிரிவு இருக்கிறதே, அங்கே நமக்கு லேசு" என்ற எண்ணம் பிழைத்துப்போகிறது. பல அமைப்புகளில் ஆண்களுக்கு 40 வயதிலும் பெண்களுக்கு 35 வயதிலும் மாஸ்டர்ஸ் பிரிவு தொடங்குகிறது. பெரிய போட்டிகளில் ஐந்து வருடத்துக்கு ஒரு பிரிவாக உடைப்பார்கள். ஆட்கள் குறைந்த போட்டியில் நாற்பதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டி வரும். உங்கள் பக்கத்தில் நிற்கிறவர் 25 வருடம் தூக்கியவராக இருக்கலாம். அவருடைய முதுகில் தெரியும் தடிப்பும் வரிகளும் நாலு வருடத்தில் வருவதில்லை. மாஸ்டர்ஸ் பிரிவு வயதைச் சமன் செய்கிறது, பயிற்சி வயதைச் சமன் செய்வதில்லை. முதல் போட்டியில் இடம் எதிர்பார்த்துப் போகிறவர் மனம் உடைந்து திரும்புவதை நான் கண்டிருக்கிறேன். அவர்களை யாராவது முன்கூட்டியே உட்காரவைத்து இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பயிற்சி இல்லாத உடம்பில் முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹோர்மோனும் வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் என்ற அளவில் மெல்ல இறங்குகிறது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் 1990இல் பொஸ்டனில் முதியோர் இல்லமொன்றில் செய்த ஆய்வை நான் யாரைக் கண்டாலும் சொல்வேன். தொண்ணூறு வயதளவில் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு மட்டும் கனமான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். தசை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் பருமன் 9 சதவீதம் கூடியது. தொண்ணூறில் அப்படியென்றால் நாற்பதில் தசை செவி சாய்க்காது என்று சொல்ல இடமில்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் வருகிறது. வயது கூடக் கூட, சாப்பிட்ட புரதத்தைத் தசையாக்கும் வேலையில் உடம்பு மந்தமாகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டில் உடல் எடையின் கிலோவுக்கு 0.24 கிராம் புரதம் இளைஞருக்கு அந்த வேலையை உச்சத்தில் தூண்டப் போதுமானது. முதியவருக்கு 0.4 கிராம் வரை தேவைப்படுகிறது. நாங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம், கூடிய பக்கத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது விஷயம் தசைநாண். தசைக்கு இரத்த ஓட்டம் தாராளம், கெதியாக வளரும். தசையை எலும்போடு கட்டி வைக்கும் நாணுக்கு அந்த வசதி இல்லை. இதைப் பற்றி ஒரு வியப்பான ஆய்வு உண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 கூடியது. அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களின் உடம்பில் அது பதிந்து கிடக்கிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் நாணில் அதை அளந்து பார்த்தபோது, நாணின் உட்பகுதி ஏறத்தாழ 17 வயதோடு உருவாகி முடிந்து, அதன் பிறகு பெரிதாகப் புதுப்பிக்கப்படுவதில்லை என்று தெரிந்தது. அதாவது நாற்பதில் பார்பெல்லைத் தூக்குகிறவர் புதுத் தசையைப் பழைய கயிற்றில் கட்டித் தூக்குகிறார்.

இதை நான் வாசித்து அறிந்ததை விட முழங்கையால் அறிந்ததுதான் கூட. முதல் வருடம் ஒவ்வொரு மாதமும் எடை ஏறியது. அந்தச் சந்தோஷத்தில் எட்டாவது மாதம் பெஞ்சில் என் கணக்கை மீறி ஏற்றினேன். தசை தாங்கியது, முழங்கை தாங்கவில்லை. தேநீர்க் கோப்பை தூக்கினாலும் குத்தும். ஐந்து மாதம் மேல் உடம்புப் பயிற்சி பாதியாகிப்போனது. அதே காயம் என்னோடு பயிற்சி செய்த 22 வயதுத் தம்பிக்கும் வந்தது. அவன் ஆறு வாரத்தில் திரும்பி வந்தான்.

அதனால் பிந்தித் தொடங்குகிறவருக்கு நல்ல செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். தசையின் பருமனைக் கூட்ட உச்ச எடை அவசியமில்லை. ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய எடையின் 30 சதவீதம் போன்ற இலகு எடையைக்கூட, இனி ஒன்றும் முடியாது என்ற இடத்துக்குக் கிட்டப் போகும் வரை செய்தால், பருமனில் கனமான எடைக்கு ஈடான வளர்ச்சி கிடைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பலம் கூடுவதற்குத்தான் கனம் தேவை. உடற்கட்டழகுப் போட்டியில் யாரும் உங்களை எடை தூக்கச் சொல்வதில்லை, பார்ப்பதெல்லாம் தோற்றம். ஆகவே 12 முதல் 20 தடவை செய்யக்கூடிய எடை, ஒழுங்கான நகர்வு, ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்குப் பத்துச் செட்டில் தொடங்கி மெல்லக் கூட்டுவது, ஒரு தசைக்கு வாரத்தில் இரண்டு நாள் என்று போனால் மூட்டும் தப்பும், தசையும் வளரும். பக்கத்தில் ஒருவர் இரட்டிப்பாகத் தூக்குகிறார் என்பதற்காக மாற்றக் கூடாது.

எங்கள் ஊரின் வெயிலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் தகரக் கூரை போட்ட ஜிம் அடுப்பாகிவிடும். அந்த மாதங்களில் நான் விடிய ஐந்தரைக்குப் போய்விடுவேன். இரவில் புழுக்கத்தால் தூக்கம் கெட்டிருந்தால் அன்றைக்குக் கால் பயிற்சி வைப்பதில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாப்பாட்டில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர்க்காரர் தேவையில்லாமல் காசை இழக்கும் இடம் இது. 2022இல் ரூபாய் விழுந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். டொலருக்கு இருநூறாக இருந்தது சில வாரங்களில் முன்னூற்றைம்பது தாண்டியது. வெளிநாட்டுப் புரத மா டப்பா அன்றைக்குப் பலருக்கு எட்டாத பொருளாகிவிட்டது. அது இல்லாமல் முடியாது என்று நினைத்துப் பயிற்சியையே விட்டவர்களை எனக்குத் தெரியும். கடலுக்கு நடுவில் இருந்துகொண்டு புரதத்துக்கு டப்பாவைத் தேடுகிறோம்.

கணக்குப் போடுங்கள். 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வொன்று, நாளொன்றுக்கு உடல் எடையின் கிலோவுக்கு 1.6 கிராம் புரதத்துக்கு மேல் சாப்பிடுவதால் தசைக்குக் கிடைக்கும் கூடுதல் பலன் மிகக் குறைவு என்று காட்டியது. 75 கிலோ ஆளுக்கு 120 கிராம். இருநூறு கிராம் சூரை மீனில் ஏறத்தாழ 46 கிராம் புரதம். நாலு முட்டையில் 25. ஐம்பது கிராம் பருப்பில் 12. ஐம்பது கிராம் கொண்டைக்கடலையில் 10. நாள் முழுக்கச் சாப்பிடும் சிவப்பரிசிச் சோற்றில் 14 அளவில். மிச்சத்துக்கு ஒரு கிண்ணம் தம்பலகாமத்து எருமைத் தயிர். முடிந்தது. இதில் எதுவும் கொழும்பிலிருந்து வர வேண்டியதில்லை.

பிரச்சினை எவ்வளவு என்பதை விட எப்போது என்பதில் இருக்கிறது. காலையில் பாணும் சம்பலும், அல்லது பிட்டும் தேங்காய்ப்பூவும். அதில் புரதம் பத்துக் கிராம் தேறுவதே அரிது. மத்தியானம் மீன் குழம்பு, பொரியல், சொதி என்று நாள் முழுவதுக்குமான புரதம் ஒரே கோப்பையில் விழுகிறது. இரவு இடியப்பமும் சொதியும். மேலே சொன்ன 0.4 கணக்குப்படி 75 கிலோ ஆளுக்கு ஒரு வேளைக்கு 30 கிராம் வேண்டும். எங்கள் வழமையில் அது ஒரு வேளைதான் நடக்கிறது. மத்தியான மீனில் ஒரு பங்கைக் காலையிலும் ஒரு பங்கை இரவிலும் சாப்பிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். பிட்டோடு மீன் புட்டு மாதிரி உதிர்த்த சூரை, பாணோடு முட்டை. வீட்டில் சமைக்கிறவருக்குத் தனிச் சமையல் வைத்துக் கஷ்டம் கொடுக்கவும் தேவையில்லை. அதே குழம்பில் தேங்காய்ப்பாலைக் குறைத்து, மீன் துண்டைக் கூட்டிக்கொள்ளலாம். சோற்றை நிறுத்தச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். பயிற்சிக்கு மாச்சத்து வேண்டும்.

வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது மீன் குறையும், விலை ஏறும். நவம்பர் முதல் ஜனவரி வரை முட்டையும் கோழியும் பருப்பும்தான் துணை. நெத்தலிக் கருவாட்டில் புரதம் நிறைய, ஆனால் உப்பும் நிறைய. பிரஷர் உள்ளவர் நன்றாக ஊறவைத்துக் கழுவ வேண்டும். கச்சானை, அதாவது நிலக்கடலையை, புரதம் என்று கொறிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நூறு கிராமில் புரதம் 25 கிராம், கொழுப்பு அதைப் போல இரண்டு மடங்கு. உடம்பு ஏற்றும் காலத்தில் சரி, வற்றும் காலத்தில் கட்டாது. காசு மிஞ்சினால் வாங்கத் தகுந்த ஒரே டப்பா, தசைக்கு வலுச் சேர்க்கும் கிரியேட்டின் மா என்பது என் முடிவு. நாளுக்கு 3 முதல் 5 கிராம். வயது கூடியவர்களிலும் நன்றாக ஆராயப்பட்ட பொருள் அது.

விரதம் பற்றிக் கேட்பார்கள். கந்தசஷ்டி ஆறு நாளும் பிடிக்கிறவர்கள் எங்கள் ஜிம்மில் இருக்கிறார்கள். கிண்ணியாவிலிருந்து வரும் நண்பர்கள் ரமழான் மாதம் முழுவதும் நோன்பு. தொடங்கி நாலு வருடம் கடந்தவருக்கு ஒரு மாதம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்தாலும் தசை கரைந்து போகாது. இருப்பதைக் காப்பாற்ற, வளர்த்ததை விட மிகக் குறைந்த பயிற்சியே போதும். ஆகவே போட்டித் திகதியை விரதத்துக்குத் தள்ளி வையுங்கள், விரதத்தைத் தள்ளி வைக்க வேண்டாம்.

மேடைக்கு வருவோம். பழைய முறை உடற்கட்டழகுப் பிரிவில் ஏழு கட்டாய நிலைகள் உண்டு: முன்பக்க இரட்டைக் கை மடிப்பு, முன்பக்க முதுகு விரிப்பு, பக்கவாட்டு நெஞ்சு, பின்பக்க இரட்டைக் கை மடிப்பு, பின்பக்க முதுகு விரிப்பு, பக்கவாட்டுப் பின்கை, வயிறும் தொடையும். மென்ஸ் பிசிக் பிரிவில் முழங்கால் அளவுக் காற்சட்டையோடு நின்று திரும்பிக் காட்டினால் போதும், தொடை கணக்கில் இல்லை. பிந்தித் தொடங்கியவர்களுக்கு முதல் மேடையாக நான் இந்தப் பிரிவைத்தான் சொல்வேன். தொடைத் தசையில் ஆழமான பிரிவு தெரிய வருவதற்குப் பல வருடம் எடுக்கும், தோளும் முதுகும் அதை விடக் கெதியாக உருவம் பிடிக்கும்.

போசிங்கை விளையாட்டாக எடுக்கக் கூடாது. தசையை இறுக்கி, மூச்சைப் பிடித்து, சிரித்துக்கொண்டு நிற்பது கடும் வேலை. 1985இல் கனடாவில் உடற்கட்டழகர்கள் ஐவரின் நாடிக்குள் நேரடியாக அளந்து பார்த்தார்கள். இரண்டு காலாலும் எடையைத் தள்ளும்போது அவர்களின் குருதி அழுத்தம் சராசரியாக 320/250 வரை போனது. ஒருவருக்கு 480/350 தாண்டியது. இளம் நாடி அதைத் தாங்கும். பிரஷர் இருப்பதே தெரியாமல் நாற்பத்தைந்து வயதில் மூச்சைப் பிடிக்கிறவரின் நாடியைப் பற்றி நான் பயப்படுகிறேன். மூச்சை விட்டபடி இறுக்கப் பழக வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே நாளுக்குப் பத்து நிமிடம் கண்ணாடிக்கு முன் நின்றால் வந்துவிடும்.

அப்புறம் உடம்பு வற்றும் காலம். இந்த விளையாட்டின் மிகக் கடினமான பகுதி இதுதான், ஆரோக்கியத்துக்கு எதிரான பகுதியும் இதுதான். 80 கிலோ எடையும் 20 சதவீதக் கொழுப்பும் உள்ள ஒருவரை எடுங்கள். கொழுப்பு 16 கிலோ, மிச்சம் 64. மேடைக்கு அவர் 6 சதவீதத்துக்கு இறங்க வேண்டும் என்றால், தசையில் ஒரு கிராம்கூட இழக்காமல் இறங்கினாலும், எடை 68 கிலோவில் வந்து நிற்கும். 80 கிலோப் பிரிவைக் கனவு கண்டவர் 70க்குக் கீழே நிற்பார். 12 கிலோவை வாரம் அரைக் கிலோ வீதம் குறைக்க 24 வாரம் வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைப்பதுதான் தசையைக் காக்கும் வேகம் என்கிறார்கள். எங்கள் வயதில் அந்த அரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். எட்டு வாரத்தில் வற்றலாம் என்று சொல்கிற பயிற்றுவிப்பாளரிடம் பொடியன்கள் போகட்டும் என்றுகூடச் சொல்ல மாட்டேன். யாருமே போக வேண்டாம்.

ஆறு மாதம் ஒழுங்காக வற்றினாலும் உடம்பு விலை கேட்கும். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, மருந்து எதுவும் எடுக்காத இருபதுகளில் இருந்த ஒரு போட்டியாளரை ஒரு வருடம் பின்தொடர்ந்தது. கொழுப்பு 14.8இலிருந்து 4.5 சதவீதத்துக்கு இறங்கியது. ஓய்விலிருக்கும் இதயத் துடிப்பு 53இலிருந்து 27ஆகியது. டெஸ்டோஸ்டிரோன் 9.22இலிருந்து 2.27க்கு விழுந்தது. பலமும் இறங்கி, போட்டி முடிந்து ஆறு மாதம் கழித்தும் முழுதாகத் திரும்பவில்லை. அது இருபது சொச்சம் வயது உடம்பு. தூக்கம் கலைவது, சிடுசிடுப்பு, குளிர் தாங்காமை, வீட்டில் யார் எது கேட்டாலும் கோபம் என்று கடைசி ஆறு வாரம் எனக்கும் இருந்தது. மனைவியிடமும் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சம்மதித்த பிறகுதான் திகதி குறிக்க வேண்டும். பிள்ளைக்கு ஓ.எல். பரீட்சை உள்ள வருடத்தில் அப்பா மேடைக்கு வற்றுவது சரியில்லை.

கடைசி வாரம் தண்ணீரை நிறுத்தி, சிறுநீர் போக்கும் மாத்திரை போட்டுத் தோலை இறுக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. 1992இல் மொஹமட் பெனாசிசா ஒரு போட்டி முடிந்த கையோடு இறந்துபோனார். 1996இல் 31 வயதில் அந்திரியாஸ் மியூன்சர். பழைய கதை என்று தள்ள முடியாது. 2005 முதல் 2020 வரை சர்வதேச உடற்கட்டழகுச் சம்மேளனத்தின் போட்டிகளில் நின்ற 20,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பற்றிய ஆய்வு 2025இல் ஐரோப்பிய இதயவியல் இதழில் வந்தது. 121 மரணங்கள். இறந்தவர்களின் சராசரி வயது 45. அவற்றில் 38 சதவீதம் திடீர் இதய மரணம். தொழில்முறைப் போட்டியாளருக்கு அந்த ஆபத்து அமெச்சூர்களை விட ஐந்து மடங்குக்கும் மேல். அந்த 45 என்ற எண்ணை வாசித்தபோது புத்தகத்தை மூடுவது போல அலைபேசியை மூடி வைத்துவிட்டேன். கிட்டத்தட்ட என் வயதுதான் அது.

ஊசி, மாத்திரை பற்றி நேராகவே சொல்கிறேன். பிந்தி வந்தவரிடம்தான் அதை அதிகம் நீட்டுவார்கள். "அண்ணன், உங்களுக்கு இனி நேரமில்லை, இது ஒரு கோர்ஸ் போட்டால் இரண்டு வருடம் மிச்சம்" என்பார்கள். என்னிடமும் ஒருவர் சொன்னார். தசையை வளர்க்கப் போடும் அனபோலிக் ஸ்டீரொய்ட் நல்ல கொலஸ்ட்ரோலைக் கீழே தள்ளும், இரத்தத்தைத் தடிப்பாக்கும், பிரஷரை ஏற்றும், இதயத் தசையைத் தடிக்கச் செய்யும். நாற்பதில் எங்கள் பலருக்கு இவற்றில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் இதய நோயும் வருகிறது என்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண்ணில் 23இலிருந்தே கவனிக்கச் சொல்கிறது. இந்த உடம்பில் அந்த மருந்தை ஏற்றுவது மிச்சமிருக்கும் அவகாசத்தையும் எரிப்பதுதான்.

சட்டமும் உண்டு. 2013ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கையில் ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் இயங்குகிறது. தடை செய்யப்பட்ட பொருட்களின் உலகப் பட்டியலில் இருக்கும் பொருள் உடம்பில் கண்டுபிடிக்கப்பட்டால், எப்படி வந்தது என்று தெரியாவிட்டாலும் பொறுப்பு விளையாட்டாளருடையதே. எங்கள் வயதுக்காரர் அறியாமல் மாட்டும் இடம் ஒன்று உண்டு: பிரஷருக்காகக் கிளினிக்கில் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற மாத்திரைகளும், சீனிக்குப் போடும் இன்சுலினும் தடைப் பட்டியலில் இருக்கின்றன. அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. வைத்தியரிடம் சொல்லி மாற்று மருந்து கேட்கலாம், இல்லையென்றால் சிகிச்சைக்கான விலக்கு அனுமதிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வயதால் குறைந்த டெஸ்டோஸ்டிரோனுக்கு ஊசி போடுகிறேன் என்ற காரணத்துக்கு அந்த விலக்கு கிடைக்காது.

தொடங்கும் முன் குருதி அழுத்தம், சீனி, கொழுப்பு, சிறுநீரகம், ஈரல், ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்துவிட வேண்டும். இங்கே ஒரு சிக்கல். கடும் பயிற்சிக்குப் பிறகு தசையிலிருந்து கசியும் நொதிகள், ஈரல் பரிசோதனையில் எண்களை ஏற்றிக் காட்டும், ஒரு வாரம் வரைகூட. தசை கூடினாலும் கிரியேட்டின் எடுத்தாலும் குருதியில் கிரியேட்டினின் கூடித் தெரியும், சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று பயம் வரும். ஒருமுறை கால் பயிற்சிக்கு மறுநாள் இரத்தம் கொடுத்துவிட்டு, வந்த அறிக்கையைப் பார்த்து வீட்டில் எல்லோரும் கலங்கிப்போனோம். பயிற்சியை ஒரு வாரம் நிறுத்தி மறுபடி பார்த்தபோது ஈரல் எண்கள் இறங்கியிருந்தன. என்ன பயிற்சி, என்ன எடுக்கிறோம் என்பதை ஒளிக்காமல் வைத்தியரிடம் சொன்னால் இந்தக் கலக்கம் தேவையில்லை.

பெண்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டிய அளவுக்கு விஷயம் இருக்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பும் தசையும் சேர்ந்து இறங்குவதால் எடைப் பயிற்சி அவர்களுக்குத்தான் கூடத் தேவை. மேடை உடையைப் பற்றிச் சனம் என்ன கதைக்கும் என்பது எங்கள் ஊரில் சின்ன விஷயமில்லை. அதற்காகப் பயிற்சியையே விட வேண்டியதில்லை. மேடை ஏறாமலும் பயிற்சியின் பலன் முழுதாகக் கிடைக்கும்.

போட்டி கொழும்புப் பக்கம் என்றால் இங்கிருந்து 260 கிலோமீற்றர் அளவு. இரவு ரயிலில் போய் விடிய இறங்கி நேரே எடை பார்க்கப் போவது பொடியன்களுக்குச் சரி. வற்றிய உடம்போடு ஒரு இரவு தூங்காவிட்டால் முகமும் காலும் வீங்கி ஆறு மாத வேலை மங்கிவிடும். ஒரு நாள் முன்பே போய்ச் சேர்வதற்கான செலவைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வையுங்கள். நிறப் பூச்சையும் ஒரு தடவை வீட்டில் பூசிப் பாருங்கள். கறுப்புத் தோலென்றாலும் மேடை விளக்கின் வெளிச்சம் வரிகளை அழித்துவிடும், பூச்சு தேவைதான்.

போட்டி முடிந்த பிறகு வரும் எட்டு வாரத்தைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. பசி அடங்காது. இரண்டு வாரத்தில் ஏழு கிலோ ஏறியது, பாதம் வீங்கியது, பிரஷர் கூடியது. இரண்டாவது முறை திட்டத்தைப் போட்டி நாளோடு முடிக்கவில்லை. அடுத்த எட்டு வாரச் சாப்பாட்டையும் அதே தாளில் எழுதி வைத்தேன். வாரத்துக்கு வாரம் மெல்லக் கூட்டி, 12 சதவீதக் கொழுப்புக்குக் கிட்ட வந்து நின்றேன். பயிற்சியை முதல் மாதம் பாதியாக்கினேன், மூட்டுகளுக்கு அந்த ஓய்வு வேண்டும். மூன்றாவது மாதம், ஒரு வாரம் ஜிம்முக்குப் போகாமல் இருந்துவிட்டு, மறுபடி இரத்தம் கொடுத்தேன். சீனி, கொழுப்பு, பிரஷர், ஹோர்மோன் நான்கும் பழைய நிலைக்கு வந்ததை அறிக்கையில் கண்ட பிறகுதான் அடுத்த போட்டித் திகதியை நாட்காட்டியில் தேடினேன்.